போட்ஸ்வானா 1969: துணை அதிபரே தோற்ற தேர்தல் (லெசோத்தோ 1970ஐயும் சேர்த்துப் பேசுவோம்)

செம்மண்பாதை எழுதியது:

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். ஆப்பிரிக்க நாடுகளின் முதல் தேர்தல்கள் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கானா, கென்யா, காங்கோ. எனக்கு மட்டும் போட்ஸ்வானாவில் 1969 அக்டோபர் 18ல் நடந்த தேர்தல்தான் மனதில் நிற்கிறது. அதைப் பற்றித் தமிழில் நான் எங்கும் படித்ததில்லை, அதனால்தான் இந்த இழை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெச்சுவானாலாந்து என்று பிரிட்டன் வைத்திருந்த காப்பாட்சிப் பகுதி அது. அதன் நிர்வாகத் தலைநகரான மாஃபெகிங் அந்த நாட்டின் எல்லைக்குள்ளேயே இல்லை, தென்னாப்பிரிக்காவுக்குள் இருந்தது. அதாவது ஒரு நாட்டை அதற்கு வெளியே உட்கார்ந்துகொண்டு ஆண்டார்கள். கபரோனே நகரை அவசர அவசரமாகக் கட்டி 1965ல்தான் அரசு அலுவலகங்கள் உள்ளே வந்தன. அந்த வருடம் மார்ச் 1ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் செரெட்சே காமாவின் போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி (இனி ஜனநாயகக் கட்சி என்றே எழுதுகிறேன்) 31 தொகுதிகளில் 28ஐப் பிடித்தது. 1966 செப்டம்பர் 30ல் சுதந்திரம். அப்போது நாடு முழுவதற்கும் சுமார் 12 கிலோமீட்டர்தான் தார்ச்சாலை என்று சொல்வார்கள். பல வருடப் பஞ்சத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன, பிரிட்டன் தரும் மானியம் இல்லாமல் அரசு நடக்காது என்ற நிலை.

இப்படி ஒரு நாட்டில், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தலில், துணை அதிபர் க்வெட் மசீரே தன் சொந்த ஊரான கான்யேயில் தோற்றார். யாரிடம்? அந்தப் பகுதியின் பரம்பரைத் தலைவராக 1928லிருந்து இருந்த இரண்டாம் பாத்தோயெனிடம். அவர் இந்தத் தேர்தலுக்காகவே தலைவர் பதவியைத் துறந்து எதிர்க்கட்சியில் சேர்ந்து நின்றார். ஆளுங்கட்சியின் செயலாளர், நிதி அமைச்சர், துணை அதிபர், கட்சியைக் கட்டியவர், அந்த மனிதர் தோற்றார், தோல்வி தோல்வியாகவே அறிவிக்கப்பட்டது. யாரும் கைதாகவில்லை, பெட்டி காணாமல் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து, 1970 ஜனவரி 27ல், பக்கத்திலேயே லெசோத்தோவில் தேர்தல். அங்கே தோற்ற பிரதமர் ஆட்சியை விடவே இல்லை, அது பலருக்குத் தெரிந்த கதை. இரண்டும் பிரிட்டன் விட்டுப்போன நாடுகள், நான்கு நாள் இடைவெளியில் சுதந்திரம் பெற்றவை. ஒன்று தோல்வியை ஏற்றது, இன்னொன்று ஏற்கவில்லை. தோல்வியை விழுங்கக் கற்றுக்கொண்டதால்தான் போட்ஸ்வானா இன்றைய போட்ஸ்வானா ஆனது என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரைவாசி எழுதியது:

நல்ல இழை, ஆனால் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். மசீரே தோற்றார், சரி. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனாரா? இல்லையே. அங்கே மக்கள் ஓட்டுப் போடாமல் நாடாளுமன்றத்துக்குள் வரும் சிறப்பு உறுப்பினர் இடங்கள் அப்போது நான்கு இருந்தன. அதிபர் பெயரை முன்மொழிவார், சபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். சபையில் பெரும்பான்மை யாருக்கு? ஜனநாயகக் கட்சிக்குத்தான், 31ல் 24. ஆக கான்யே மக்கள் வேண்டாம் என்று சொன்னவர் அந்த வழியாக உள்ளே வந்து துணை அதிபராகவே தொடர்ந்தார். அதோடு நிற்கவில்லை, 1972ல் அரசியலமைப்பைத் திருத்தி, அதிபராக இருப்பவர் ஒரு தொகுதியில் நின்று ஜெயித்தாக வேண்டும் என்ற தேவையையே எடுத்துவிட்டார்கள். இதையும் எழுதாமல் "தோல்வியை ஏற்றார்கள்" என்று மட்டும் எழுதுவது வாசிப்பவர்களைத் தவறாக வழிநடத்தும்.

இன்னொன்று. 1965ல் பதிவு செய்தவர்களில் முக்கால்வாசிப்பேர் ஓட்டுப் போட்டார்கள். 1969ல் அது 55 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிட்டது. நான்கே வருடத்தில் இவ்வளவு பேர் வராமல் போனதைக் கொண்டாட முடியுமா?

செம்மண்பாதை எழுதியது:

பின்வாசல் விஷயத்தை நான் மறைக்கவில்லை அண்ணே, முதல் பதிவு நீண்டுவிடும் என்று அடுத்ததில் எழுத நினைத்தேன். ஆனால் நீங்கள் கேட்டது நியாயம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

என் பார்வை இது. அந்த நான்கு இடங்கள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்றால் எல்லாமே போய்விடும் என்று தெரிந்தவன் தோற்க விடமாட்டான். வாக்கு எண்ணும் இடத்திலேயே ஏதாவது செய்திருப்பான். தோற்றாலும் மரியாதையாகத் திரும்பி வர ஒரு வழி இருந்ததால்தான் கான்யே முடிவை அப்படியே விட்டார்கள். ஓட்டு சரியாக எண்ணப்பட்டது, பாத்தோயென் சபையில் எதிர்வரிசையில் உட்கார்ந்தார், வருடக்கணக்கில் பேசினார். அந்த விலை கொடுத்தது பரவாயில்லை என்றே நினைக்கிறேன்.

புதுவேர் எழுதியது:

நான் கல்லூரி மாணவி, இந்தப் பகுதியைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. பரம்பரைத் தலைவர் ஒருவர் பதவியை விட்டுவிட்டு வெறும் எம்.பி. ஆக ஏன் வரவேண்டும்? 41 வருடம் தலைவராக இருந்தவருக்கு அது இறக்கம்தானே? அவர் சேர்ந்த கட்சி எது? மன்னர் ஆதரவுக் கட்சியா?

கான்யே வாத்தியார் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. நான் 1982லிருந்து 1991 வரை கான்யேயில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அந்தக் காலத்தில் அங்கே உள்ளூர் ஆசிரியர்கள் போதாமல் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறையப் பேரை எடுத்தார்கள், கபரோனேயில் பொங்கலுக்கு ஒன்றுகூடும் அளவுக்குத் தமிழர்கள் இருந்தோம். நான் போனபோது பாத்தோயென் இன்னும் எங்கள் ஊர் எம்.பி.

மகளே, நீ கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஊர் மண்ணிலேயே இருக்கிறது. ஊர்த்தலைவரை அங்கே கோசி என்பார்கள். ஊர்க்கூட்டம் நடக்கும் இடம் கோட்லா, மரக்கட்டைகளை அரைவட்டமாக நட்டு வைத்திருப்பார்கள். வழக்கு, நிலம் பிரித்துக் கொடுப்பது, உழவு எப்போது தொடங்கலாம் என்பது, எல்லாம் அங்கேதான். "கோட்லாவில் பேசிய சொல்லெல்லாம் அழகான சொல்" என்று ஒரு பழமொழி உண்டு, அதாவது அங்கே யாரும் எதையும் பேசலாம், பேசியதற்காகப் பகை பாராட்டக் கூடாது. இன்னொரு பழமொழி, "கோசி கோசியாக இருப்பது மக்களால்". நல்ல கோசி எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் முடிவு சொல்வார். பாத்தோயென் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர், அணைகள் கட்ட வைத்தார், பாடகர் குழுக்கள் என்றால் உயிர்.

சுதந்திர அரசு வந்ததும் இந்த அதிகாரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றியது. மாவட்ட மன்றங்கள் வந்தன, வரியும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் போயின. 1967ல் கனிமச் சட்டம், நிலத்தடிக் கனிமம் நாட்டுக்குச் சொந்தம் என்றது. 1968ல் நிலச் சட்டம், நிலம் ஒதுக்கும் உரிமை கோசியிடமிருந்து நில வாரியத்துக்குப் போகும் என்றது. அதே 1968ல் ஆளில்லா மாடுகள் பற்றிய சட்டம். உடையவன் யாரென்று தெரியாமல் சுற்றும் மாடு அதுவரை கோசிக்குச் சேரும், அதுவும் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம். மாட்டை வைத்தே மனிதனை மதிக்கும் ஊரில் அது அவமானம். தலைவர்களுக்கு என்று ஒரு சபை வைத்தார்கள், ஆனால் அது ஆலோசனை சொல்லும், அவ்வளவுதான். எதையும் தடுக்க முடியாது. கோசியாக இருந்து தடுக்க முடியவில்லை, ஓட்டு வாங்கி வந்தாவது தடுப்போம் என்றுதான் பாத்தோயென் இறங்கினார். அவர் மகன் நான்காம் சீப்பாபிட்சோ கோசி இடத்துக்கு வந்தார்.

இதில் சொந்தப் பகையும் உண்டு. மசீரே 1950ல் கான்யேயில் ஒரு மேல்நிலைப் பள்ளியைத் தொடங்கி அதன் தலைமையாசிரியராக இருந்தார். கோசிக்கும் அவருக்கும் அப்போதிருந்தே உரசல். பிறகு மசீரே புது முறையில் விவசாயம் செய்து பெரிய மகசூல் எடுத்தார், பத்திரிகையிலும் எழுதினார். கோசியின் தயவில்லாமல் ஒருவன் முன்னேறிக் காட்டினால் கோசிக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிலவரை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1895ல் மூன்று கோசிகள் லண்டன் வரை போய், செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் எங்கள் நிலத்தைக் கொடுக்காதே என்று பிரிட்டிஷ் அரசிடம் முறையிட்டார்கள். மூன்றாம் காமா, முதலாம் பாத்தோயென், முதலாம் செபெலே. அந்த மூன்றாம் காமாவின் பேரன்தான் செரெட்சே. அந்த முதலாம் பாத்தோயெனின் பேரன்தான் இரண்டாம் பாத்தோயென். தாத்தாக்கள் ஒரே கப்பலில் போனார்கள், பேரன்கள் 1969ல் எதிரெதிர் அணி.

செரெட்சேயின் கதையும் இங்கே முக்கியம். 1948ல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்ததற்காக அவரைச் சொந்த நாட்டுக்குள் வரவிடாமல் வைத்திருந்தார்கள். 1956ல் தலைவர் பதவிக்கு உரிமை கோரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் திரும்ப முடிந்தது. பரம்பரைப் பதவியை இழந்துவிட்டு ஓட்டு மூலம் வந்தவர் ஒருவர், பரம்பரைப் பதவியைத் தானே விட்டுவிட்டு ஓட்டு மூலம் வந்தவர் இன்னொருவர். 1967ல் ஓராப்பாவில் வைரம் கிடைத்தது. அது செரெட்சேயின் பங்வாட்டோ மக்களின் பகுதி. கனிமம் நாட்டுக்குப் பொது என்ற சட்டத்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது அவருடைய சொந்த மக்கள்தான். இதை நினைத்தால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

புதுவேர் கேட்ட கட்சி: போட்ஸ்வானா தேசிய முன்னணி. 1965ல் கென்னத் கோமா முன்னின்று தொடங்கியது. கோமா சோவியத் நாட்டில் படித்த இடதுசாரி. நில உரிமை பறிபோன கோசியும் மார்க்ஸ் படித்த முனைவரும் ஒரே கட்சியில். அந்தக் கூட்டு 3 தொகுதிகளை வென்றது, மூன்றும் பாத்தோயெனின் பங்வகெட்சே பகுதியில். பிலிப் மட்டான்டேயின் மக்கள் கட்சி 3. மோட்சமாய் ம்போவின் கட்சி வடமேற்கே 1. ஆக எதிர்வரிசையில் 7 பேர்.

புதுவேர் எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்திருப்பார்களே, எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

கான்யே வாத்தியார் எழுதியது:

வில்லைகள். கட்சிக்கு ஒரு நிறம். வாக்காளர் கையில் எல்லா நிறத்திலும் ஒவ்வொரு வில்லை கிடைக்கும், மறைவிடத்தில் போய் விரும்பியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மீதி வில்லைகள் கழிவு. படிக்கத் தெரியவேண்டியதில்லை, பெருவிரல் மை வேண்டாம். நான் இருந்த காலத்திலும் அதே முறைதான்.

ஜனநாயகக் கட்சிக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? "டொம்க்ராக்". ஆங்கிலப் பெயர் கிராமத்து நாக்கில் புரளவில்லை, அதற்கு நெருக்கமாக ஒலித்த ஆஃப்ரிகான்ஸ் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிக்கு அந்தப் பெயர். கட்சியும் ஜாக்கியையே சின்னமாக வைத்துக்கொண்டது. "ட்சொலெட்சா டொம்க்ராக்" என்றால் ஜாக்கியைத் தூக்கு. மணலில் சிக்கிய லாரியை எத்தனை தடவை தூக்கியிருப்பான் அந்த ஊர்க்காரன், அவனுக்கு அதைவிட நல்ல சின்னம் கிடையாது.

அப்புறம் வாக்குப்பதிவு குறைந்தது பற்றி. கடற்கரைவாசி சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் அங்கே ஒரு குடும்பத்துக்கு மூன்று இடம் உண்டு: ஊரில் வீடு, தள்ளி வயல்காடு, இன்னும் தொலைவில் மாட்டுப்பட்டி. அக்டோபர் என்றால் முதல் மழையை எதிர்பார்த்து ஆட்கள் வயலுக்குக் கிளம்பும் நேரம், ஊர் காலியாகும். இளைஞர்களில் பலர் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில். 1965ல் முதல் தேர்தல் என்ற உற்சாகம் இருந்தது. இது முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன், எப்படியும் டொம்க்ராக்தான் வரும் என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும்.

நிலவரை எழுதியது:

இப்போது லெசோத்தோ. செம்மண்பாதை தம்பி "ஒன்று ஏற்றது, ஒன்று ஏற்கவில்லை" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார், எனக்கு அங்கேதான் உடன்பாடு இல்லை.

லெசோத்தோவில் முதல் தேர்தல் 1965 ஏப்ரல் 29. மொத்தம் 60 தொகுதி. லெயாபுவா ஜோனதனின் தேசியக் கட்சி 31, ந்ட்சு மொகெஹ்லேயின் காங்கிரஸ் கட்சி 25, அரசர் ஆதரவுக் கட்சி 4. அறுபதில் 31 என்றால் எவ்வளவு மெல்லிய பெரும்பான்மை பாருங்கள். ஜெயித்த கட்சியின் தலைவர் லெயாபுவாவே தன் தொகுதியில் தோற்றார்! ஆமாம், மசீரேக்கு நான்கு வருடம் முன்பே. என்ன செய்தார்கள்? கட்சியின் துணைத்தலைவர் மசெரிபானே இரண்டு மாதம் பிரதமர் நாற்காலியில் இருந்தார், பாதுகாப்பான ஒரு தொகுதி காலியாக்கப்பட்டது, ஜூலையில் இடைத்தேர்தலில் லெயாபுவா ஜெயித்துப் பிரதமரானார். அந்த இடைத்தேர்தல் சமயத்தில் தென்னாப்பிரிக்க அரசு ஒரு லட்சம் மூட்டை தானியம் கொடுத்தது, அது லெயாபுவா பெயரில் பஞ்ச நிவாரணமாகப் போனது. நிறவெறி அரசுக்கு மொகெஹ்லே வரக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை.

ஆக, "திரும்பி வர ஒரு வழி இருந்தால் தோல்வியை ஏற்பார்கள்" என்பது லெசோத்தோவில் ஒருமுறை நடந்தே இருக்கிறது. லெயாபுவா 1965ல் தன் தொகுதித் தோல்வியை ஏற்றார், சட்டப்படி திரும்பி வந்தார். ஐந்து வருடம் கழித்து என்ன செய்தார்? 1970ல் காங்கிரஸ் கட்சி 36, அவருடையது 23, இன்னொன்று 1. ஜனவரி 30ல் நெருக்கடிநிலை அறிவித்தார், அரசியலமைப்பை நிறுத்தினார், மொகெஹ்லேயைக் கைது செய்தார், அரசர் இரண்டாம் மொஷ்வேஷ்வே நெதர்லாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதே ஆள்தான். தன் தொகுதியை இழப்பதைத் தாங்கிய மனிதர் ஆட்சியை இழப்பதைத் தாங்கவில்லை.

போட்ஸ்வானாவில் 1969ல் ஆட்சியை இழக்கும் பேச்சே வரவில்லையே தம்பி. 24க்கு 7. மசீரே ஒருவர் தோற்றதை ஏற்க ஜனநாயகக் கட்சிக்கு என்ன கஷ்டம்? நீங்கள் இரண்டு வேறு அளவுத் தோல்விகளை ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

கடற்கரைவாசி எழுதியது:

நிலவரை அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது, நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"போட்ஸ்வானாவில் ராணுவம் இல்லை, அதனால் தப்பித்தது" என்று ஒரு விளக்கம் அடிக்கடி வரும், அதையும் இங்கேயே முடித்துவிடலாம். உண்மைதான், 1977 வரை போட்ஸ்வானாவுக்கு ராணுவமே கிடையாது, போலீஸ் மட்டும். ஆனால் 1970ல் லெசோத்தோவுக்கும் ராணுவம் கிடையாது! அங்கே காரியத்தை முடித்தது போலீஸின் நடமாடும் படை, அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. ராணுவம் இருந்தால்தான் ஆட்சியைப் பறிக்க முடியும் என்பது தவறு. சில நூறு போலீசும் மனசும் இருந்தால் போதும்.

பிரிட்டனும் உதவியை நிறுத்துகிறேன் என்று கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, சில மாதத்தில் எல்லாம் பழையபடி. லெயாபுவா 1986 ஜனவரியில் ராணுவம் இறக்கும் வரை இருந்தார். 36 தொகுதி கொடுத்த மக்களுக்கு அந்தத் தேர்தலின் முடிவு கிடைக்கவே இல்லை. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஐம்பது வருடம் தாண்டியும்.

செம்மண்பாதை எழுதியது:

அக்கா, லெயாபுவா 1965ல் தோற்றது எனக்குத் தெரியும், ஆனால் அதை மசீரேயோடு சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை. நேற்று இரவு முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வாதத்தின் நடுத்தூண் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். பின்வாசல்தான் தோல்வியை ஏற்க வைத்தது என்று இனி சொல்ல முடியாது.

ஆனாலும் 1969ஐ ஒன்றுமில்லை என்று விட என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன். பாத்தோயென் ஜெயித்தது வெறும் ஒரு தொகுதி இல்லை. அரசு கொண்டுவந்த நிலச் சட்டத்துக்கு எதிராக அந்தப் பகுதி முழுக்க ஓட்டுப் போட்டது. கோபப்பட்ட ஒரு பெரிய மக்கள் கூட்டம், அதற்கு ஒரு பரம்பரைத் தலைவர், தனியாகப் பிரிந்து போவோம் என்று கிளம்பியிருக்கலாம், கல்லெடுத்திருக்கலாம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1966 டிசம்பரில், லெசோத்தோவில் அரசரின் ஆதரவாளர்கள் தபா போசியூவில் கூடியபோது லெயாபுவாவின் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். போட்ஸ்வானாவில் அந்தக் கோபம் மூன்று தொகுதிகளாக மாறி நாடாளுமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அரசும் நில வாரியத்தைக் கைவிடவில்லை, 1970ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாத்தோயெனும் சபைக்குள் இருந்தே எதிர்த்தார். இரண்டு பக்கமும் அந்த எல்லைக்குள் நின்றார்கள். இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நிலவரை எழுதியது:

இதை நான் ஏற்கிறேன். இப்படிச் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை.

அதற்குக் காரணம் செரெட்சேயின் நல்ல மனசு மட்டும் என்றும் நினைக்கவில்லை. பாத்தோயெனின் பலம் ஒரு பகுதியோடு நின்றது, வேறு பகுதி மக்கள் அவருக்காக ஓட்டுப் போடமாட்டார்கள். அதனால் ஆளுங்கட்சி பயப்படவில்லை. லெசோத்தோவில் மொகெஹ்லேயின் கட்சி நாடு முழுக்கப் பரவியிருந்தது. சுரங்க வேலைக்குப் போய்வந்த ஆண்கள், ஆசிரியர்கள், சிறு நகரத்து மக்கள். லெயாபுவா பக்கம் சின்னத் தலைவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும். நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது, யார் தோற்றாலும் முழுத்தோல்வி. அதோடு தென்னாப்பிரிக்கா நான்கு பக்கமும்.

கான்யே வாத்தியார் எழுதியது:

எல்லைக்குள் நின்றார்கள் என்று தம்பி சொன்னது பற்றி நான் கண்ணால் பார்த்த ஒன்று. 1984 செப்டம்பர் பொதுத்தேர்தல். அப்போது மசீரே அதிபர், செரெட்சே 1980ல் இறந்த பிறகு வந்தவர். துணை அதிபர் பீட்டர் ம்முசி கபரோனே தெற்கில் கென்னத் கோமாவை எதிர்த்து நின்றார், கொஞ்ச ஓட்டில் ஜெயித்ததாக அறிவிப்பு. பிறகு பார்த்தால் திறக்காத வாக்குப்பெட்டி ஒன்று கிடைத்தது! எண்ணவே இல்லை. எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை, எல்லோரும் ரேடியோவைச் சுற்றி. தேசிய முன்னணி ஆதரவாளர்களின் கோபம் சொல்ல முடியாது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது, மறுதேர்தல் நடந்தது, டிசம்பரில் கோமா ஜெயித்தார். இரண்டாவது முறை ஒரு துணை அதிபர் தோற்றார், அதே கட்சியிடம். ம்முசியும் துணை அதிபராகத் தொடர்ந்தார், கடற்கரைவாசி சார் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி ஏன் திறக்கப்படாமல் கிடந்தது என்பது பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை. நான் எதையும் சொல்லப் போவதில்லை. ஆனால் பெட்டி கிடைத்தது என்று வெளியே சொல்லப்பட்டது, நீதிமன்றம் கேட்டது, அது நடந்தது.

கடற்கரைவாசி எழுதியது:

ஐயா, அந்தப் பெட்டி விஷயம் எனக்குப் புதிது, நன்றி. கேட்க வைத்திருந்த கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள்.

என் நிலை இதுதான், மாற்றிக்கொள்ளவில்லை: ஒரே கட்சி 58 வருடம் ஆண்ட நாட்டில், ஆட்சி கைமாறும் வரை அந்த நாடு தோல்வியை ஏற்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 1969லும் முடியாது, 1984லும் முடியாது. அதற்கு 2024 அக்டோபர் 30 வரவேண்டியிருந்தது. மொத்தம் 61 தொகுதியில் ஜனநாயகக் கட்சி வெறும் 4! எதிரணிக் கூட்டணி 36. அதிபர் மசிசி இரண்டே நாளில், முழு எண்ணிக்கை முடியும் முன்பே தோல்வியை ஒத்துக்கொண்டார், அன்றே டுமா போகோ பதவியேற்றார். நான் அன்றைக்குச் செய்தியை இரண்டு தடவை படித்தேன், நம்ப முடியவில்லை.

போகோ யார்? தேசிய முன்னணியின் தலைவர். கூட்டணிக்கு வேறு பெயர், ஆனால் நடுவில் இருப்பது கோமா தொடங்கிய, பாத்தோயென் 1969ல் கான்யேயில் நின்று ஜெயித்த அதே கட்சி.

புதுவேர் எழுதியது:

லெசோத்தோவில் மொகெஹ்லே என்ன ஆனார்? அதை யாரும் சொல்லவில்லையே.

நிலவரை எழுதியது:

சிறை, பிறகு 1974லிருந்து நாட்டுக்கு வெளியே பல வருடம். அவர் பக்கம் ஆயுதம் எடுத்தவர்களும் உண்டு, அந்தக் காலத்தில் அவர் எடுத்த சில முடிவுகளை என்னால் நியாயப்படுத்த முடியாது. 1993ல் கடைசியாகத் தேர்தல் நடந்தது. அவர் கட்சிக்கு 65க்கு 65. எதிர்க்கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லாத சபை. அவர் பிரதமரானபோது வயது 74, 1970ல் ஜெயித்தபோது 51. லெயாபுவா 1987லேயே இறந்துவிட்டார்.

செம்மண்பாதை எழுதியது:

51க்கும் 74க்கும் நடுவில் ஒரு நாட்டின் 23 வருடம் இருக்கிறது அக்கா. படித்ததும் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

முதல் பதிவின் கடைசிப் பத்தியைத் திருத்தப் போகிறேன். பின்வாசல், 1972 திருத்தம் இரண்டையும் மேலேயே சேர்க்கிறேன், லெயாபுவாவின் 1965 தோல்வியையும். பழைய வரியை அழிக்கமாட்டேன், கீழே விட்டுவைக்கிறேன், இல்லையென்றால் உங்கள் பதில்கள் எதற்கு என்று புதிதாக வருபவர்களுக்குப் புரியாது.

கான்யே வாத்தியார் எழுதியது:

திருத்துவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது வரலாறு இல்லை, என் மனதில் இருப்பது.

பள்ளியில் என்னோடு ஒன்பது வருடம் வேலை பார்த்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், கான்யேயில்தான் இருக்கிறார். மசீரே தலைமையாசிரியராக இருந்தபோது அந்தப் பள்ளியில் படித்த பையன்களில் ஒருவர். 2024 நவம்பரில், போகோ பதவியேற்ற மறுநாள், அவரே போன் செய்தார். எவ்வளவோ பேசியிருக்கிறோம், 1969ல் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டதே இல்லை, அங்கே அது கேட்கிற கேள்வியும் இல்லை. அன்றைக்கு அவராகவே சொன்னார், பாத்தோயெனுக்கு என்று. உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரை எதிர்த்தா என்றேன். மசீரே நல்ல வாத்தியார், எனக்குக் கணக்கு வந்ததே அவரால்தான், ஆனால் என் அப்பாவுக்கு வயல் கொடுத்தது கோசி என்றார்.

இந்தத் தடவை யாருக்கு என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை, மழை இன்னும் வரவில்லை, மாடுகள் இளைத்துவிட்டன என்று பேச்சை மாற்றிவிட்டார்.